செருப்புக் கடையில் பரவிய செய்தி

போன செமஸ்டரில் ஒரு நாள். காலேஜ் முடிந்து பாசஞ்சர் ரயிலில் வந்துகொண்டிருந்தோம். ஒரு பெரியவர் பெட்டி முழுக்க நடந்து துண்டுப் பிரசுரம் கொடுத்தார். எங்கள் கூட்டத்தில் ஒருவன் அதை மடித்து விசிறியாக்கிக் கொண்டான். கிறிஸ்தவ நண்பன் ஒருவனுக்கு முகம் சுருங்கிவிட்டது. கொஞ்ச நேரம் ஜன்னல் பக்கம் பார்த்துவிட்டு அவன் கேட்டான்: "பிரசுரம், மைக்செட், கன்வென்ஷன் பந்தல், டிவி எதுவுமே இல்லாத காலத்துல இது எப்படிடா பரவிச்சு?"

ஆளுக்கொரு பதில் வந்தது. ராஜா மாறினார், ஜனமும் மாறியது என்றான் ஒருவன். பவுல் மாதிரி பெரிய பிரசங்கிகள் ஊர் ஊராகப் போனார்கள் என்றான் இன்னொருவன். எனக்குப் பதில் தெரியவில்லை. வணிகவியல் படிக்கிற எனக்கும் ரோமாபுரி வரலாற்றுக்கும் என்ன சம்பந்தம்? ஆனால் கேள்வி மண்டைக்குள் உட்கார்ந்துகொண்டது. இரண்டு மாதம் கிடைத்ததையெல்லாம் படித்தேன். படித்ததில் எனக்குப் புரிந்ததைத்தான் இங்கே எழுதுகிறேன் நண்பர்களே. எழுதுவது மதப் பிரசாரமும் இல்லை, மத எதிர்ப்பும் இல்லை. ஒரு கணக்கைச் சரிபார்க்கும் வேலை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கூட்டு வட்டி

ராட்னி ஸ்டார்க் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1996-ல் கிறிஸ்தவத்தின் எழுச்சி பற்றி ஒரு புத்தகம் வெளியிட்டார். அதில் அவர் போட்ட கணக்கு நமக்கு நன்றாகத் தெரிந்த கணக்குதான். கி.பி. 40-ல் சுமார் 1,000 கிறிஸ்தவர்கள் இருந்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். பத்து ஆண்டுக்கு 40 சதவீதம் வளர்ச்சி. ஆண்டுக்குப் பார்த்தால் சுமார் 3.4 சதவீதம், நம் சேமிப்புக் கணக்கு வட்டி மாதிரி சின்ன விகிதம்தான்.

கால்குலேட்டரை எடுத்துப் போட்டுப் பாருங்கள். கி.பி. 100-ல் ஏழாயிரத்து ஐந்நூறு பேர். 200-ல் இரண்டு லட்சத்துச் சொச்சம். 250-ல் பன்னிரண்டு லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. 300-ல் அறுபது லட்சத்தைத் தாண்டிவிடும். அப்போது ரோமப் பேரரசின் ஜனத்தொகை சுமார் ஆறு கோடி என்று எடுத்துக்கொண்டால், பத்தில் ஒருவர். 350-ல் மூன்று கோடியே முப்பத்தெட்டு லட்சம், அதாவது பாதிக்கும் மேல்.

இது மதிப்பீடுதான். அன்றைக்கு மதவாரியாக யாரும் தலை எண்ணவில்லை. இந்த எண்களைச் சந்தேகிக்கும் வரலாற்றாசிரியர்களும் உண்டு. ஆனாலும் கணக்கு ஒன்றைக் காட்டிக் கொடுக்கிறது. கான்ஸ்டன்டைன் மன்னர் கிறிஸ்தவர்கள் பக்கம் சாய்ந்தது 312-ல்; வழிபாட்டுச் சுதந்திரம் கிடைத்தது 313-ல். அதற்கு முன்பே கூட்டம் சேர்ந்துவிட்டது. ஆகவே 'ராஜா மாறினார், ஜனம் மாறியது' என்ற பதில் பாதிதான் சரி.

இன்னொன்று. இந்த விகிதத்துக்குப் பெரிய பிரசங்கி யாரும் தேவையில்லை. நூறு பேர் இருக்கும் இடத்தில் ஒரு வருஷத்தில் மூன்று நான்கு பேர் கூடினால் போதும். ஒரு தெருவில் ஒரு வீடு. ஒரு பட்டறையில் ஓர் ஆள். சரி, அந்த ஒருவர் எப்படி வந்தார்?

முதல் ஆட்கள் யார்?

ஆரம்ப காலத்துச் சில பெயர்கள் பைபிளில் உள்ள அப்போஸ்தலர் நடபடிகளில் கிடைக்கின்றன. அவர்கள் தொழிலைப் பாருங்கள். பிலிப்பி நகரத்தில் லீதியாள் என்ற பெண். சாயத்துக்குப் பேர்போன தியத்தீரா ஊர்க்காரர். ஊதாச் சாயத் துணி வியாபாரம். கொரிந்துவில் ஆக்கில்லாவும் அவர் மனைவி பிரிஸ்கில்லாளும் கூடாரம் செய்கிறவர்கள். கிளாடியஸ் மன்னர் யூதர்களை ரோமை விட்டுப் போகச் சொன்னபோது வெளியேறி வந்தவர்கள். பவுலுக்கும் அதே கூடாரத் தொழில்தான். எனவே அவர்களோடு தங்கி, சேர்ந்து வேலை செய்தார். தோல் வெட்டும் கத்தியும் ஊசியும் இருந்த இடத்தில்தான் பேச்சு நடந்திருக்க வேண்டும்.

எனக்கு இதைவிட ஆச்சரியம் ரோம் நகரம். சுமார் 57-ல் பவுல் ரோம் சபைக்குக் கடிதம் எழுதும்போது அவர் அந்த ஊருக்குப் போனதே இல்லை. ஆனால் அங்கே ஏற்கனவே விசுவாசிகள் இருக்கிறார்கள். கடிதத்தின் கடைசியில் இருபதுக்கும் மேற்பட்டவர்களைப் பெயர் சொல்லி விசாரிக்கிறார். அவற்றில் சில, அடிமைகளுக்கு அன்று சாதாரணமாக வைக்கப்பட்ட பெயர்கள். அந்த ஊருக்குச் செய்தியைக் கொண்டுபோன முதல் ஆள் யார்? யாருக்கும் தெரியாது. சரக்கோடு கப்பலில் போன ஒரு வியாபாரியாக இருக்கலாம், வேலை தேடிப் போன ஒரு தொழிலாளியாக இருக்கலாம். உலகத் தலைநகரத்துச் சபையையே ஆரம்பித்தவரின் பெயர் ஏட்டில் இல்லை!

எதிரியின் வவுச்சர்

ஆடிட்டிங் பாடத்தில் எங்களுக்கு ஒரு விதி சொல்லித் தருவார்கள். நிறுவனமே தயாரித்துக் கொடுக்கும் ஆதாரத்தைவிட, சம்பந்தமில்லாத வெளியாள் கொடுக்கும் ஆதாரத்துக்கு நம்பகம் அதிகம். கம்பெனி தன் பாங்க் பாலன்ஸ் இவ்வளவு என்று சொல்வது வேறு, பாங்க் நேரடியாக எழுதிக் கொடுப்பது வேறு.

கிறிஸ்தவர்கள் தங்களைப் பற்றி நல்லவிதமாக எழுதியிருப்பார்கள். அதைத் தள்ளுபடி செய்தே படிக்க வேண்டும். ஆனால் அவர்களைப் பிடிக்காதவர்கள் எழுதியதும் இருக்கிறது. வெறுக்கிறவர் தன்னையும் அறியாமல் ஒரு நல்லதைச் சொல்லிவிட்டால், அதைவிட நல்ல வவுச்சர் எது? நான் நான்கு வவுச்சர்களை எடுத்துக்கொண்டேன்.

முதல் சாட்சி: கவர்னர் பிளினி

சுமார் 112-ஆம் ஆண்டு. இன்றைய துருக்கியின் வடக்குக் கரையில் பித்தினியா-பொந்து மாகாணம். கவர்னர் பெயர் பிளினி. இந்தக் கிறிஸ்தவர்களை என்ன செய்வது என்று கேட்டு டிராஜன் மன்னருக்குக் கடிதம் எழுதுகிறார். கடிதமும் மன்னர் பதிலும் இன்றும் இருக்கின்றன.

அவர் சொல்வதன் சாரம் இது. எல்லா வயதினரும், எல்லா அந்தஸ்தினரும், ஆண் பெண் இருபாலரும் இதில் இருக்கிறார்கள். நகரம் மட்டுமல்ல, கிராமங்களிலும் தொற்று நோய் மாதிரி பரவிவிட்டது. கோயில்கள் கிட்டத்தட்ட வெறிச்சோடிக் கிடந்தன, பலிக்கான வியாபாரம் படுத்துவிட்டது, தன் நடவடிக்கைக்குப் பிறகுதான் மறுபடி சூடு பிடித்தது என்கிறார். ஒரு மதம் பரவியதைச் சந்தை மந்தத்தை வைத்து அளந்த முதல் ரிப்போர்ட் இதுதானோ என்னவோ!

விசாரணையில் அவருக்குத் தெரியவந்தது என்ன? இவர்கள் ஒரு குறிப்பிட்ட நாளில் விடியும் முன் கூடுகிறார்கள். கிறிஸ்துவைத் தெய்வமாகப் பாவித்துப் பாடுகிறார்கள். பிறகு ஓர் உறுதிமொழி. குற்றம் எதையும் செய்வதற்கான சபதமில்லை. திருடுவதில்லை, கொள்ளையடிப்பதில்லை, விபசாரம் செய்வதில்லை, கொடுத்த வாக்கை மீறுவதில்லை, தம்மிடம் நம்பிக் கொடுத்து வைத்த பணத்தையோ பொருளையோ திருப்பிக் கேட்கும்போது மறுப்பதில்லை. பிறகு கலைந்துபோய், மறுபடி கூடிச் சாதாரணச் சாப்பாடு சாப்பிடுகிறார்கள்.

அந்தக் கடைசி உறுதிமொழியைப் படித்தபோது நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். டெபாசிட்டைத் திருப்பிக் கொடுப்பது! தெருவுக்குத் தெரு பாங்க் இல்லாத காலம். ஊருக்குப் போகிறவர் தன் பணத்தைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போவார். திரும்பி வந்து கேட்டால் 'எந்தப் பணம்?' என்று கேட்பவர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். கேட்டவுடன் எடுத்துக் கொடுக்கிற ஒரு கூட்டம் இருக்கிறது என்று தெரிந்தால், அந்தத் தெருவில் என்ன பேச்சு நடந்திருக்கும்?

இந்த உண்மைகளைச் சரிபார்க்க பிளினி இரண்டு பெண்களைச் சித்திரவதை செய்தார். அடிமைப் பெண்கள், சபையில் ஊழியக்காரிகள் என்று அழைக்கப்பட்டவர்கள். அளவுமீறிய மூடநம்பிக்கையைத் தவிர வேறெதுவும் அவர்களிடம் கிடைக்கவில்லை என்று எழுதுகிறார். அவர்கள் பெயரைக்கூட எழுதவில்லை. 'சாதாரண மனிதர்கள் பரப்பினார்கள்' என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். அதற்கு என்ன விலை கொடுத்தார்கள் என்பது இந்த ஒரு வரியில் இருக்கிறது.

இரண்டாம் சாட்சி: கிண்டல்காரர் லூசியன்

லூசியன் கிரேக்க மொழியில் எழுதிய நையாண்டி எழுத்தாளர். பெரெக்ரினஸ் என்ற ஆசாமியைப் பற்றி எழுதினார். அந்த ஆள் 165-ல் ஒலிம்பிக் விளையாட்டு நடந்த சமயத்தில் எல்லாரும் பார்க்கத் தீயில் குதித்துச் செத்தவர். அதற்கு முன் கொஞ்ச காலம் கிறிஸ்தவராக இருந்து சிறைக்குப் போனார்.

அப்போது நடந்ததை லூசியன் கேலியாக விவரிக்கிறார். விடிந்ததுமே சிறை வாசலில் வயதான விதவைகளும் அநாதைக் குழந்தைகளும் காத்திருந்தார்களாம். உள்ளே விதவிதமாகச் சாப்பாடு போனதாம். காவலர்களுக்குக் கையூட்டுக் கொடுத்து உள்ளேயே படுத்துக்கொண்டவர்களும் உண்டாம். தூரத்து ஊர்களிலிருந்து சபைச் செலவில் ஆள் வந்தார்களாம். எவனாவது ஒரு கெட்டிக்கார ஏமாற்றுக்காரன் இவர்களிடம் போனால் சீக்கிரமே பணக்காரன் ஆகிவிடலாம் என்று சிரிக்கிறார்.

சிரிப்பு நியாயம்தான். பெரெக்ரினஸ் நிஜமாகவே அந்த வழியில் நன்றாகச் சம்பாதித்தார் என்கிறார் லூசியன். ஆனால் சிறையில் கிடக்கும் ஒருவனுக்குச் சோறு கொண்டுபோக விடியற்காலையில் ஒரு பாட்டி வந்து நிற்கிறாள் என்ற செய்தியும் அதே பக்கத்தில் பதிவாகிவிட்டது.

ஏமாற்றுக்காரர்களைப் பற்றிச் சபைக்கும் தெரியாமல் இல்லை. 'திதக்கே' என்ற பழைய கிரேக்கக் கையேடு ஒன்று 1873-ல் கிடைத்து 1883-ல் அச்சானது. கிறிஸ்தவர்களின் ஆரம்பகால நூல்களில் ஒன்று. அதில் விருந்தாளிகளுக்கான விதி இருக்கிறது. வழிப்போக்கர் வந்தால் உதவுங்கள், இரண்டு மூன்று நாளுக்கு மேல் தங்கக்கூடாது. உங்களோடேயே குடியிருக்க விரும்பினால் தொழில் செய்து சாப்பிடட்டும். சும்மா உட்கார்ந்து சாப்பிட நினைப்பவர் கிறிஸ்துவை வைத்து வியாபாரம் செய்பவர், ஜாக்கிரதை! தீர்க்கதரிசி என்று சொல்லிக்கொண்டு பணம் கேட்பவர் பொய்த் தீர்க்கதரிசி. நாங்கள் 'இன்டர்னல் கன்ட்ரோல்' என்று படிப்பதை அவர்கள் அன்றே எழுதி வைத்துவிட்டார்கள்.

மூன்றாம் சாட்சி: தத்துவவாதி செல்சஸ்

இந்தக் கட்டுரைக்குத் தலைப்பு கொடுத்தவர் இவர்தான். சுமார் 178-ல் கிறிஸ்தவத்தை எதிர்த்து ஒரு நூல் எழுதினார். மூல நூல் தொலைந்துவிட்டது. ஆனால் ஓரிகன் என்ற கிறிஸ்தவ அறிஞர் எழுபது ஆண்டு கழித்து அதற்கு மறுப்பு எழுதும்போது பத்தி பத்தியாக எடுத்துப் போட்டதால் பெரும்பகுதி பிழைத்திருக்கிறது. எதிராளியின் மறுப்பு நூலுக்குள்ளேயே ஒருவர் வாழ்வது விசித்திரம்தான்.

செல்சஸின் புகார் இது. கம்பளி நெய்கிறவர்கள், செருப்புத் தைக்கிறவர்கள், துணி வெளுக்கிறவர்கள், எழுத்தறிவில்லாதவர்கள், இவர்கள்தான் வீடுகளுக்குள் புகுந்து இதைப் பரப்புகிறார்கள். முதலாளி முன்னாலும் படித்தவர் முன்னாலும் வாய் திறக்க மாட்டார்கள். பிள்ளைகளும் பெண்களும் தனியாகக் கிடைத்தால் பேச ஆரம்பித்துவிடுவார்கள். அப்பா வந்துவிட்டால் கப்சிப். முழுசாகத் தெரிந்துகொள்ள வேண்டுமானால் கம்பளிக் கடைக்கு வா, செருப்புக் கடைக்கு வா, வெளுக்கிற இடத்துக்கு வா என்று கூப்பிடுகிறார்கள்.

எவ்வளவு தெளிவான படம்! மேடை இல்லை. கட்டடம் இல்லை. செருப்புத் தைக்கும் கை நிற்காமல், வாய் பேசுகிறது. வேலைக்காரப் பெண்கள் கம்பளி நூற்றபடியே கேட்கிறார்கள். வீடுகளே கூடுமிடமாக இருந்தன என்பதற்குப் பிற்காலத்தில் மண்ணுக்குள்ளிருந்து ஆதாரமும் கிடைத்தது. சிரியாவில் தூரா யூரோப்போஸ் என்ற எல்லைக் கோட்டை நகரத்தை 1930-களின் ஆரம்பத்தில் தோண்டியபோது, சாதாரணக் குடியிருப்பு ஒன்றின் உள்சுவரை இடித்துக் கூடமாக்கியிருந்தது தெரிந்தது. ஞானஸ்நானத் தொட்டியும் சுவரோவியங்களும் அதே வீட்டுக்குள். 256 வாக்கில் அழிந்த ஊர் அது.

செல்சஸின் கோபத்தில் ஒரு பகுதி எனக்கு நியாயமாகவே படுகிறது. அப்பாவுக்குத் தெரியாமல் பிள்ளையிடம் பேசுவது சரியா? நான் அப்பாவாக இருந்தால் எனக்கும் கோபம் வரும். ஓரிகன், அவர்கள் கற்றுக் கொடுத்தது நல்லொழுக்கத்தைத்தான் என்று வாதாடினார். அது முழுப் பதில் ஆகாது என்பது என் கருத்து. ஆனால் செல்சஸின் கோபத்தில் இன்னொரு பகுதியும் உண்டு. செருப்புத் தைப்பவனுக்குக் கடவுளைப் பற்றிப் பேச என்ன தகுதி என்ற கேள்வி அது. அந்தக் கேள்வியை நம் நாட்டிலும் எத்தனையோ தலைமுறைகள் கேட்டுப் பழகியிருக்கிறோம். அதற்கு நான் செல்சஸ் பக்கம் நிற்க மாட்டேன்.

நான்காம் சாட்சி: மன்னர் ஜூலியன்

கான்ஸ்டன்டைன் குடும்பத்திலேயே பிறந்து, கிறிஸ்தவராக வளர்ந்து, பிறகு பழைய தெய்வங்களுக்கே திரும்பிய மன்னர் ஜூலியன். ஆட்சி 361 முதல் 363 வரைதான். பழைய கோயில்களுக்கு மறுபடி உயிர் கொடுக்கப் பார்த்தார். ஏன் முடியவில்லை என்று யோசித்து, கலாத்தியா மாகாணத் தலைமைப் பூசாரி அர்சாசியஸுக்கு எழுதியதாக ஒரு கடிதம் இருக்கிறது.

அதன் சாரம்: அந்நியரை உபசரிப்பது, செத்தவர்களை அக்கறையோடு அடக்கம் செய்வது, ஒழுக்கமாக வாழ்வதுபோல் காட்டிக்கொள்வது, இந்த மூன்றும்தான் அவர்களை வளர்த்துவிட்டன. யூதர்களில் யாரும் பிச்சை எடுப்பதில்லை. கலிலேயர்கள் (கிறிஸ்தவர்களை அவர் அப்படித்தான் அழைப்பார்) தங்கள் ஏழைகளோடு நம் ஏழைகளையும் சேர்த்துப் பராமரிக்கிறார்கள். நமக்கு இது வெட்கம். ஆகவே நகரந்தோறும் சத்திரம் கட்டுங்கள். இதற்காக ஆண்டுதோறும் 30,000 படி கோதுமையும் 60,000 படி திராட்சை ரசமும் ஒதுக்குகிறார். 'படி' என்று நம் வழக்கத்தில் சொல்லிவிட்டேன், அவர்கள் அளவைகள் வேறு.

இந்தக் கடிதம் ஜூலியன் எழுதியதுதானா என்று சில ஆய்வாளர்கள் சந்தேகிக்கிறார்கள், அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் பூசாரி ஒருவருக்கு அவர் எழுதிய இன்னொரு கடிதத்தின் பகுதியிலும் இதே ஆதங்கம் இருக்கிறது. அங்கே கொஞ்சம் கடுமை அதிகம். தின்பண்டம் காட்டிக் குழந்தையைக் கடத்துகிறவன் மாதிரி, இவர்கள் அன்பின் விருந்து, உபசரிப்பு, பந்தி பரிமாறுவது என்று ஆரம்பிக்கிறார்கள் என்கிறார்.

இது தூண்டிலா?

நண்பர்களே, இதுதான் எனக்கு முக்கியமான இடம். 'சோறு போட்டு ஆள் பிடிக்கிறார்கள்' என்ற குற்றச்சாட்டு இன்றைக்குப் புதிதாக வந்ததில்லை. ஆயிரத்து அறுநூறு ஆண்டுகளுக்கு முன்பு ஒரு மன்னரே சொல்லியிருக்கிறார். இதை எப்படிச் சரிபார்ப்பது? உதவி செய்கிறவனின் மனசைத் திறந்து பார்க்க எந்த ஆடிட்டராலும் முடியாது. ஆனால் செலவுக் கணக்கைப் பார்க்கலாம். லாபம் இல்லாத இடத்திலும் செலவு செய்தார்களா?

கார்த்தேஜ் நகரத்தைச் சேர்ந்த தெர்த்துல்லியன் 197-ல் எழுதிய நூலில் சபை நிதி பற்றிச் சொல்கிறார். மாதத்துக்கு ஒரு நாள், விருப்பம் இருந்தால், முடிந்ததைப் போடலாம், கட்டாயம் இல்லை. அந்தப் பணம் ஏழைகளுக்குச் சாப்பாடு, அடக்கச் செலவு, பெற்றோர் இல்லாத பிள்ளைகள், வீட்டோடு முடங்கிய வயதான அடிமைகள், கப்பல் உடைந்து எல்லாம் இழந்தவர்கள், விசுவாசத்துக்காகச் சுரங்கத்திலும் சிறையிலும் கிடப்பவர்கள் ஆகியோருக்குப் போகிறது. சுமார் 251-ல் ரோம் ஆயர் கொர்னேலியஸ் எழுதிய கடிதத்தில், அந்த ஒரு சபை மட்டும் 1,500-க்கும் மேற்பட்ட விதவைகளையும் கஷ்டப்படுகிறவர்களையும் தாங்குவதாகக் கணக்கு வருகிறது. வயதான அடிமையாலும் பெற்றோர் இல்லாத குழந்தையாலும் யாருக்கு என்ன லாபம்?

அடுத்தது கொள்ளைநோய். சுமார் 249 முதல் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் பேரரசையே உலுக்கிய நோய் அது. அலெக்சாந்திரியா ஆயர் தியோனிசியஸ் எழுதிய கடிதத்தை வரலாற்றாசிரியர் யூசேபியஸ் காப்பாற்றி வைத்திருக்கிறார். நோயாளிகளை விட்டு ஓடாமல் கிறிஸ்தவர்கள் பக்கத்தில் இருந்தார்கள். செத்தவர்களின் கண்ணை மூடி, குளிப்பாட்டி, துணி சுற்றினார்கள். கொஞ்ச நாளில் அவர்களுக்கும் அதே நிலை வந்தது. மற்றவர்கள் நோயாளியைத் தெருவில் தள்ளினார்கள் என்று அவர் சொல்வதைச் சொந்தக் கட்சிப் பேச்சு என்று கொஞ்சம் கழித்துக்கொள்ளலாம். ஆனால் கூட இருந்து செத்தவர்கள் செத்ததைக் கழிக்க முடியாது. அதே நோய் கார்த்தேஜுக்கு வந்தபோது, ஆயர் சிப்ரியன், நம்மவருக்கு மட்டும் நல்லது செய்தால் அதில் பெருமை என்ன என்று கேட்டு, தங்களைத் துன்புறுத்தியவர்களுக்கும் உதவச் சொன்னதாக அவர் வாழ்க்கை வரலாறு கூறுகிறது. அந்த சிப்ரியனுக்கு 258-ல் அரசாங்கம் மரண தண்டனை கொடுத்தது.

தூண்டிலில் புழு மாட்டுகிறவன் மீனுக்காகத் தானே முள்ளில் ஏற மாட்டான். 2020-லும் 2021-லும் நாமே பார்த்தோமே. கொரோனா வந்த வீட்டுக் கேட்டில் சாப்பாட்டுப் பாத்திரத்தை வைத்துவிட்டுப் போனவர் எந்தச் சாதி, எந்த மதம் என்று யார் பார்த்தோம்? ஆனால் அவர் யார் என்பதை இன்றுவரை மறந்தோமா? பரவுவது இப்படித்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. செய்தவர் அந்த நேரத்தில் எதையும் பரப்பவில்லை. பெற்றவர்தான் பிறகு, இவர் ஏன் இப்படிச் செய்தார் என்று கேட்கிறார்.

வரி கட்டினவர்

கடைசியாக ஒரு சின்னக் காட்சி. 180-ஆம் ஆண்டு ஜூலை 17. கார்த்தேஜ் நீதிமன்றத்தில் ஸ்கில்லி என்ற ஊரைச் சேர்ந்த பன்னிரண்டு பேர் வழக்கு. ஏழு ஆண்கள், ஐந்து பெண்கள். அவர்கள் பேசியது சுருக்கமான விசாரணைக் குறிப்பாகக் கிடைக்கிறது. வட ஆப்பிரிக்காவில் கிறிஸ்தவர்கள் இருந்ததற்கான முதல் ஆவணம் இதுதான். அதற்கு முன் அந்தச் சிற்றூருக்கு யார் போய்ச் சொன்னார்கள் என்பதும் தெரியாது.

அவர்களில் ஸ்பெராதஸ் என்பவர் தன்னைப் பற்றிச் சொல்லும்போது, தான் திருடியதில்லை, எதை வாங்கினாலும் அதற்குரிய வரியைக் கட்டிவிடுவதாகச் சொல்கிறார். மரணத்தின் விளிம்பில் நிற்கும் ஒருவர் நீதிபதியிடம் தன் வரி ரசீதைக் காட்டுகிறார் பாருங்கள்! யோசிக்க முப்பது நாள் அவகாசம் தருகிறேன் என்றார் நீதிபதி. வேண்டாம் என்றார்கள். பன்னிரண்டு பேருக்கும் அன்றே தலை போனது.

நிலைமை மாறியபோது

கணக்கில் கடைசி வரியையும் எழுதாவிட்டால் ஏமாற்றியதாகிவிடும். 380-ல் தியோடோசியஸ் மன்னர் காலத்தில் கிறிஸ்தவம் அரசு மதமாகிவிட்டது. 391, 392-ல் பழைய வழிபாடுகளுக்கே தடை வந்தது. சித்திரவதை அனுபவித்தவர்களின் மதம் சட்டத்தின் பக்கம் போய் நின்றது. அதற்குப் பிறகு சேர்ந்தவர்களில் எத்தனை பேர் பக்கத்து வீட்டுக்காரரைப் பார்த்து வந்தார்கள், எத்தனை பேர் உத்தியோகத்துக்காக வந்தார்கள் என்று பிரித்துச் சொல்ல முடியாது. அதிகாரம் கைக்கு வந்ததும் செருப்புக் கடைப் பேச்சின் மதிப்பு குறைந்துவிட்டது என்பது என் எண்ணம்.

அப்படியானால் ரயிலில் என் நண்பன் கேட்ட கேள்விக்குப் பதில் என்ன? வாங்கின கடனையும் நம்பிக் கொடுத்த பொருளையும் கேட்டவுடன் திருப்பிக் கொடுத்தார்கள். வேலை செய்யும் இடத்தில் வேலையையும் ஒழுங்காகச் செய்து, கேட்டவரிடம் பேசவும் செய்தார்கள். வீட்டுக் கதவைத் திறந்து பந்தியில் இடம் கொடுத்தார்கள். நோயாளி பக்கத்தில் உட்கார்ந்தார்கள். அநாதைப் பிணத்தை எடுத்து அடக்கம் செய்தார்கள். மாதம் ஒரு காசு உண்டியலில் போட்டார்கள். அவ்வளவுதான். இதில் எதற்கும் மைக்செட் தேவைப்படவில்லை. பட்டமும் தேவைப்படவில்லை. யாரையும் பயமுறுத்தவோ அவமானப்படுத்தவோ தேவைப்படவில்லை.

படித்து முடித்ததை அந்த நண்பனிடம் சொன்னேன். முழுக்கக் கேட்டான். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்போ போன மாசம் உங்கிட்ட வாங்கின முந்நூறு ரூபாயை முதல்ல குடுத்திடறேன்" என்று சிரித்தான். அடுத்த நாள் காலையில், நான் கேட்காமலே, கொடுத்தும் விட்டான்.